'வித்தின் அவர் கேட்ஸ்' பார்த்தேன், ஈவ்லின் ப்ரீர் நடித்த மற்ற படங்கள் எங்கே?

வெள்ளித்திரை_கயல்:

எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை ராத்திரி 'வித்தின் அவர் கேட்ஸ்' என்ற 1920-ஆம் வருஷத்து அமெரிக்க மௌனப்படத்தைப் பார்த்தேன். கறுப்பின இயக்குநர் ஒருவர் எடுத்து இன்றுவரை மிஞ்சியிருக்கும் முழுநீளப் படங்களில் இதுதான் பழையது என்று படித்திருந்தேன், சரி, பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத் தூங்கலாம் என்று உட்கார்ந்தவள் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

அதற்குக் காரணம் அந்தக் கதாநாயகி. சில்வியா என்ற பள்ளிக்கூட டீச்சராக வருகிறார். தெற்கே ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி பணமில்லாமல் மூடப்போகிறது, 5,000 டாலர் வேண்டும். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் கட்டிலில் உட்கார்ந்து யோசிப்பார், அவ்வளவுதான் காட்சி. கை எதையும் செய்யவில்லை, முகமும் பெரிதாக மாறவில்லை, ஆனால் மறுநாள் இந்தப் பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டு வடக்கே கிளம்பிவிடுவாள் என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. மௌனப்படம் என்றாலே கண்ணை உருட்டி மார்பில் கை வைப்பதுதான் நடிப்பு என்று நினைத்திருந்தேன், அந்த எண்ணம் போய்விட்டது.

பெயர் ஈவ்லின் ப்ரீர். தேடினால் ஏகப்பட்ட படங்களின் பெயர் வருகிறது, ஆனால் எதுவும் பார்க்கக் கிடைக்கவில்லை. இவர் யார், எங்கிருந்து வந்தார், அந்தப் படங்களெல்லாம் என்ன ஆயின? இன்னொரு சந்தேகமும் உண்டு: நடுவில் கதை திடீரென்று தாவுவதுபோல் இருக்கிறதே, நான் பார்த்த பிரதியில்தான் கோளாறா, படமே அப்படித்தானா?

பழையபடப்பெட்டி:

கயல், இந்தப் பெயரை இங்கே ஒருவர் கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ப்ரீர் பிறந்தது 1896-இல், மிசிசிப்பி மாநிலத்தில் விக்ஸ்பர்க் என்ற ஆற்றங்கரை ஊர். அப்பா இறந்த பிறகு அம்மா பிள்ளைகளோடு சிகாகோவுக்கு வந்துவிட்டார். தெற்கின் கறுப்பினக் குடும்பங்கள் சாரைசாரையாக வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்த காலம் அது. அம்மா பக்தி மிகுந்தவர், தெருவில் நின்று பிரசங்கம் செய்பவர், மகளும் கூட நிற்பாள். அப்படித் தெருவோரத்தில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் பார்த்த படத்தின் இயக்குநர் ஆஸ்கர் மிஷோவின் கண்ணில் பட்டார் என்று சொல்வதுண்டு. அது அப்படியே நடந்ததோ இல்லையோ, முன்பின் தெரியாத ஜனங்களை நிற்கவைத்துக் கேட்கவைக்கும் பழக்கம் அவருக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது.

மிஷோவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கி உழுதவர், பிறகு தன் வாழ்க்கையையே நாவலாக எழுதி, தானே வீடுவீடாகப் போய் விற்றவர். 'தி ஹோம்ஸ்டெடர்' என்ற அந்த நாவலைப் படமாக்கத் தருகிறீர்களா என்று லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனி கேட்டது, அதுவும் கறுப்பினத்தவர் நடத்திய கம்பெனிதான். படப்பிடிப்பில் எனக்கும் பங்கு வேண்டும் என்றார் மிஷோ, அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, உடனே சொந்தமாகப் பங்கு விற்றுப் பணம் திரட்டித் தானே எடுத்துவிட்டார். 1919 பிப்ரவரியில் சிகாகோவில் வெளியானது. ப்ரீருக்கு அதில் ஆர்லியன் என்ற வேடம், பாதிரியாரான அப்பாவுக்கும் விவசாயியான கணவனுக்கும் நடுவில் சிக்கித் தவிக்கும் மனைவி. மிஷோவின் முதல் மனைவி பெயரும் ஆர்லியன்தான். தன் சொந்தக் காயத்தை நடிக்க அவர் தேர்ந்தெடுத்தது, சினிமாவில் அதுவரை நடித்திராத ஒரு இளம்பெண்ணை. அந்தப் படம் இன்று இல்லை. எனக்கு இதுதான் தீராத ஏக்கம்.

அடுத்தது நீங்கள் பார்த்தது. பிறகு 'தி ப்ரூட்', 'தி கன்சாலஸ் மிஸ்டரி', 'டிசீட்', 'பர்த்ரைட்', 'தி கான்ஜர் உமன்', 'தி ஸ்பைடர்ஸ் வெப்' என்று 1926 வரை மிஷோவோடு நடித்தார். அடி வாங்கும் மனைவி, படித்த பெண், ஏமாற்றப்பட்டவள் என்று வேடங்கள் மாறிக்கொண்டே போயின. ஹாலிவுட்டில் அதே வருஷங்களில் கறுப்பின நடிகைக்கு என்ன கிடைத்தது? வேலைக்காரி, ஆயா. பல இடங்களில் அதுவும் இல்லை, வெள்ளைக்காரர்களே முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்தார்கள். அந்த நிலைமையில் ஒரு பெண் படத்தின் நடுநாயகமாக நின்று, யோசித்து, முடிவெடுத்து, காதலித்து, பயந்து நடிக்கிறாள் என்பது லேசான விஷயம் இல்லை.

ஆனால் அவரைச் சினிமா நடிகை என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். 1920-இலேயே லாஃபயெட் பிளேயர்ஸ் என்ற நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். 1915-இல் அனிடா புஷ் என்ற நடிகை, நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெம் பகுதியில் தொடங்கிய குழு அது. பாட்டும் கோமாளித்தனமும்தான் கறுப்பினத்தவரின் மேடை என்று ஊரே நினைத்திருந்தபோது, முழுநேரத் தொழிலாகக் கனமான நாடகங்களைப் போட்டுக் காட்டியவர்கள். 1923-இல் எத்தியோப்பியன் ஆர்ட் பிளேயர்ஸ் என்ற குழுவோடு ப்ரீர் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்குப் போய், ஆஸ்கர் வைல்டின் 'சலோமி'யில் சலோமியாகவே நடித்தார். அதே குழு அங்கே வில்லிஸ் ரிச்சர்ட்சன் எழுதிய ஓரங்க நாடகத்தையும் போட்டது, கறுப்பின எழுத்தாளர் ஒருவரின் பாட்டில்லாத நாடகம் பிராட்வே மேடை ஏறியது அதுதான் முதல்முறை.

1924-இல் சக நடிகர் எட்வர்ட் தாம்சனைக் கல்யாணம் செய்துகொண்டார். 1926-இல் பிராட்வேயில் டேவிட் பெலாஸ்கோவின் 'லூலு பெல்' நாடகத்தில் சின்ன வேடம். அதில் கறுப்பினக் கதாநாயகியாக நடித்தவர் முகத்தில் நிறம் பூசிக்கொண்ட வெள்ளைக்கார நடிகை. சலோமியாக நின்ற ப்ரீர், பக்கத்தில் சின்ன வேடத்தில் நின்றுகொண்டு அதைத் தினமும் பார்த்திருக்கிறார். இதை எழுதும்போதே எனக்கு மனசு கனக்கிறது.

கும்பகோணத்தான்:

நல்ல பதில். ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் இந்தப் படத்தை இரண்டு முறை பார்த்தேன். ப்ரீர் வெளுத்த நிறம் உள்ளவர். மிஷோ படங்களில் நாயகனும் நாயகியும் பெரும்பாலும் வெளுத்த நிறம்தான், கருத்த நிறத்தில் இருப்பவர் கோள்சொல்லியாகவோ கோமாளியாகவோ வருகிறார் என்று அப்போதிலிருந்தே ஒரு குறை உண்டு. கடைசியில் சில்வியா தப்பிப்பதும் எதனால்? சொத்துக்காரன் கிரிடில்ஸ்டோனின் தம்பி அவள்மேல் பாய்கிறான், உடை கிழிகிறது, மார்பில் உள்ள தழும்பைப் பார்த்ததும் அவள் தன் சொந்த மகள் என்று தெரிந்து நின்றுவிடுகிறான். வெள்ளைக்காரன் ரத்தம் உடம்பில் ஓடியதால்தானே தப்பித்தாள்? வளர்த்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்தத் தழும்பு இல்லையே, அவர்களைத் தூக்கில் தொங்கவிட்டுவிட்டார்களே. படத்தைக் குறைத்துப் பேசவில்லை, இதைச் சொல்லாமல் அந்த நடிகையைக் கொண்டாட எனக்கு வரவில்லை.

பழையபடப்பெட்டி:

நிறத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். மிஷோ ஹாலிவுட் நட்சத்திரங்களை மனதில் வைத்துத்தான் ஆள் எடுத்தார், கருத்த பெண்ணுக்கு அவர் படத்தில் நாயகியாக இடம் இல்லை. அது குறைதான், அதற்குச் சமாதானம் கிடையாது.

தழும்புக் காட்சியை மட்டும் நான் வேறு மாதிரி பார்க்கிறேன். 1915-இல் கிரிஃபித் எடுத்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தில், முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர் ஒருவர் வெள்ளைக்காரப் பெண்ணைத் துரத்துகிறார், அவள் குன்றிலிருந்து குதித்துச் சாகிறாள், குதிரையில் முகமூடிக் கூட்டம் வந்து 'நீதி' வழங்குகிறது. நாடு முழுக்க ஓடிய படம் அது. மிஷோ ஐந்து வருஷம் கழித்து அதையே தலைகீழாகத் திருப்பினார். ஒருபக்கம் ஊரே கூடி, பெண்களும் குழந்தைகளும் வேடிக்கை பார்க்க, குத்தகைக் கணக்குக் கேட்கப்போன பாவத்துக்கு ஒரு கணவனையும் மனைவியையும் தூக்கிலிடுகிறார்கள், தீயை மூட்டுகிறார்கள், அதே நேரம் மறுபக்கம் ஒரு அறைக்குள் அவர்களின் வளர்ப்பு மகளை ஒரு வெள்ளைக்காரன் துரத்துகிறான். கேமரா அங்கேயும் இங்கேயும் மாறிமாறிப் போகிறது. யார் யாரைத் துரத்தினார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. தன் மகள்மேலேயே கை வைக்கப்போனவன் என்று காட்டிய பிறகு, அந்த ரத்தத்தில் என்ன பெருமை மிச்சம் இருக்கிறது?

அந்த அறைக்காட்சியில் ப்ரீரை மட்டும் தனியாகப் பாருங்கள். மேஜையைச் சுற்றி ஓடுகிறார், கைக்குக் கிடைத்ததைத் தூக்கி எறிகிறார், தலைமுடி அவிழ்ந்து விழுகிறது. அலங்காரமாக மயங்கி விழும் நாயகி இல்லை. உடம்பில் தெம்பு இருக்கும்வரை அடிக்கிறார், தெம்பு போன பிறகுதான் சாய்கிறார்.

இரவுக்காட்சி:

கயல் கேட்ட கடைசிக் கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். உங்கள் பிரதியில் கோளாறு இல்லை. இந்தப் படம் பல பத்து ஆண்டுகளாகத் தொலைந்துபோன பட்டியலில்தான் இருந்தது. ஸ்பெயினில் மாட்ரிட் திரைப்படக் காப்பகத்தில் 'லா நெக்ரா' என்ற பெயரில் ஒரு பிரதி கிடந்தது, 'கறுப்புப் பெண்' என்று அர்த்தம். அதுதான் இது என்று கண்டுபிடித்து, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1993-இல் சீரமைத்தது. எழுத்து அட்டைகளெல்லாம் ஸ்பானிஷில் இருந்ததால் அவற்றை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதாவது நாம் இன்று படிக்கும் வசனம், ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்குப் போய்த் திரும்பி வந்தது. ஒரு பகுதி மொத்தமாகவே கிடைக்கவில்லை, அங்கே என்ன நடந்தது என்று ஒரே ஒரு அட்டையில் எழுதிப் போட்டிருப்பார்கள். நீங்கள் தாவுகிறது என்று சொன்னது அநேகமாக அந்த இடமாகத்தான் இருக்கும்.

இப்போது மற்ற படங்கள் ஏன் இல்லை என்பதற்கு வருகிறேன். பழைய படம் என்றால் அழியத்தானே செய்யும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள், நைட்ரேட் பிலிம் தீப்பிடிக்கும், மட்கிப் பொடியாகும் என்பது உண்மையும்கூட. ஆனால் பெரிய ஸ்டுடியோ படத்துக்கு நிறையப் பிரிண்ட் போட்டார்கள், கிடங்கு வைத்திருந்தார்கள். மிஷோவிடம் ஒரு படத்துக்குக் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பிரிண்ட். அதையும் காரில் ஏற்றிக்கொண்டு ஊர்ஊராகத் தானே போவார், தியேட்டர் முதலாளியிடம் அடுத்த படத்தின் ஸ்டில்லைக் காட்டி முன்பணம் வாங்குவார், அந்தப் பணத்தில்தான் அடுத்த படம். ஓடிய இடங்கள் கறுப்பினக் குடியிருப்புகளில் இருந்த தியேட்டர்கள். தெற்கில் வெள்ளைக்காரர் தியேட்டரில் கறுப்பினத்தவருக்கென்று நள்ளிரவுக் காட்சி மட்டும் போடுவார்கள், அங்கேயும் ஓடியது. ஒரே பிரிண்ட் அத்தனை புரொஜக்டரிலும் ஓடி ஓடி, கீறல் விழுந்து, அறுந்து, ஒட்டி, மறுபடி அறுந்து போகும்.

அப்புறம் கத்தரிக்கோல். 1919 ஜூலையில் சிகாகோவில் ஏரியில் குளித்த கறுப்பினச் சிறுவன் ஒருவன், வெள்ளைக்காரன் எறிந்த கல்லால் மூழ்கிச் செத்தான், அதிலிருந்து கிளம்பிய கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள், அதில் 23 பேர் கறுப்பினத்தவர். ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1920 ஜனவரியில் அதே ஊரில், தூக்கிலிடும் காட்சி உள்ள இந்தப் படம் வருகிறது. தணிக்கைக் குழு முதலில் மறுத்தது. திரும்பவும் கலவரம் வெடிக்கும் என்று கறுப்பினப் பாதிரிமார்களும் சேர்ந்தே எதிர்த்தார்கள். ஒருவழியாக அனுமதி கிடைத்து ஓடியபோது 1,200 அடி வெட்டப்பட்டிருந்தது, பிறகு வெட்டியதைச் சேர்த்துவிட்டோம் என்று விளம்பரம் கொடுத்தே மிஷோ மறுபடி ஓட்டினார். 1,200 அடி என்றால் ஏறக்குறைய கால் மணி நேரப் படம். ஒவ்வொரு ஊரிலும் வேறு வேறு அளவு வெட்டு, எது முழுப்படம் என்று ஒருவருக்கும் தெரியாத நிலை. அந்தக் கோபத்தில்தான் 'டிசீட்' எடுத்தார், தணிக்கைக் குழுவோடு மோதும் கறுப்பினப் படத் தயாரிப்பாளரின் கதை, அதிலும் ப்ரீர்தான் நாயகி. அதுவும் போய்விட்டது. 'பர்த்ரைட்' படத்தை வர்ஜீனியாவில் உரிமம் வாங்காமலேயே ஓட்டி, தணிக்கை வாரியத்தோடு தகராறு. 1928-இல் மிஷோவின் கம்பெனி திவால். பெட்டிகளை யார் பத்திரப்படுத்தியிருப்பார்கள்? அவர் எடுத்த மௌனப்படங்களில் இன்று இருப்பவை மூன்றே மூன்று. அந்த மூன்றில் ப்ரீர் இருப்பது நீங்கள் பார்த்த ஒன்றில்தான்.

வெள்ளித்திரை_கயல்:

மூன்றே மூன்றா. இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அந்த அட்டை வரும் இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன், இரவுக்காட்சி சொன்னது சரிதான், தாவுவது அங்கேதான்.

கும்பகோணத்தான் சொன்னதும் மனதில் நிற்கிறது. ஆனால் வடக்கே சில்வியா போகும் பகுதியை இரண்டாம் முறை பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. குழந்தையைக் காப்பாற்றப் போய்க் காரில் அடிபட்டுக் கிடக்கிறாள், அந்தக் காரின் சொந்தக்காரப் பணக்கார அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கிறார். அங்கே பள்ளிக்கூடத்துக்காக உதவி கேட்கும்போது ப்ரீர் கெஞ்சவே இல்லை. படுத்திருக்கிறவள் பெரிய மனுஷியிடம் கேட்கிறாள், ஆனால் தலை குனியவில்லை. தெற்கத்திக்காரத் தோழி ஒருத்தி வந்து, இவர்களுக்குப் பள்ளி எதற்கு, அடங்கி இருங்கள் என்று போதிக்கும் ஒரு கிழட்டுப் பிரசங்கிக்கு 100 டாலர் கொடுத்தால் போதும் என்று அந்த அம்மாவின் மனதைக் கலைக்கிறாள், கடைசியில் 5,000 கேட்ட இடத்தில் 50,000 வருகிறது. அந்தப் பணத்தை நம்பும்படி செய்தது கதை இல்லை, அந்த நிமிர்ந்த முகம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேறு எதிலாவது இவரைப் பார்க்கவோ கேட்கவோ முடியுமா? கடைசியில் அவருக்கு என்ன ஆயிற்று?

பழையபடப்பெட்டி:

முடியும். 1929-இல் வந்த 'மெலன்கலி டேம்' என்ற இரண்டு ரீல் பேசும்படம் இருக்கிறது, கறுப்பின நடிகர்களை வைத்து எடுத்த ஆரம்பகாலப் பேசும்படங்களில் ஒன்று. இரவு விடுதி நடத்துபவரின் பொறாமைக்கார மனைவியாக வருகிறார், கணவனாக நடிப்பது அவருடைய நிஜக் கணவர் தாம்சன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இது வெள்ளைக்கார எழுத்தாளர் ஒருவர் கறுப்பினத்தவரைக் கேலியாகப் பேசவைத்து எழுதிய கதை, பார்க்கச் சங்கடமாக இருக்கும். சில்வியாவைப் பார்த்த கண்ணோடு பார்த்தால் இன்னும் சங்கடம். இருந்தாலும் குரல் கேட்கிறது, அதற்காகப் பாருங்கள். டியூக் எல்லிங்டன் ஆர்கெஸ்ட்ராவோடு அவர் பாடிய இசைத்தட்டுகளும் உண்டு.

1928-இல் லாஃபயெட் பிளேயர்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பெயர்ந்து லிங்கன் தியேட்டரில் நாடகம் போட்டார்கள், அங்கே 'ரெயின்' நாடகத்தில் சேடி தாம்சன் வேடம் அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. ஹாலிவுட் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அங்கே கிடைத்தவை துண்டு வேடங்கள்தான், 1932-இல் வந்த 'ப்ளாண்ட் வீனஸ்' படத்தில் பெயர்கூடப் போடாத ஒரு சின்ன வேடம்.

அந்த வருஷம் ஏப்ரலில் மகள் பிறந்தாள். நவம்பரில் ப்ரீருக்கு இரண்டு நுரையீரலிலும் நிமோனியா வந்தது. 36 வயது. பென்சிலின் மருந்துக்கடைக்கு வர இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் இருந்த காலம்.

மகளுக்கு அப்போது ஏழு மாதம், அம்மா முகம் நினைவில் இருக்க வழியே இல்லை. பெரியவளாகிக் கன்னியாஸ்திரீ ஆனார், சகோதரி பிரான்செஸ்கா தாம்சன். ஃபோர்தம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு லாஃபயெட் பிளேயர்ஸ். அப்போது அனிடா புஷ் உயிரோடு இருந்தார், 1974-இல்தான் இறந்தார். அவரை நேரில் போய்ப் பார்த்து, உட்கார்ந்து கேட்டு எழுதினார்.